வாடகை வீடும் வருணாசிரமமும்

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய இடங்களில் ஒருவர் வாடகைக்கு வீடு தேடப் புறப்பட்டால், அவர் கையில் பணமிருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வியாகவும், அவர் என்ன ஜாதி என்பதே முதல் கேள்வியாகவும் இருந்து வருகிறது. ஜாதியெல்லாம் பட்டிக்காட்டில்தான் இருக்கிறது, பட்டணத்தில் ஏது ஜாதி என்று மேடையில் பேசும் கனவான்கள், ஒரு நாள் மாத்திரம் "டு-லெட்" பலகையைப் பார்த்துக் கதவைத் தட்டிப் பார்க்கட்டும் என்று நாம் சொல்லுகிறோம்.

கேள்விகள் எப்படி வருகின்றன? பெயர் என்ன? முழுப் பெயர் என்ன? சொந்த ஊர் எது? அந்த ஊரில் எந்தத் தெரு? தகப்பனார் பெயர் என்ன? கடைசியில், "சாப்பாடு எப்படி?" இவ்வளவும் எதற்கு? "நீ என்ன ஜாதி?" என்று நேரே கேட்க வெட்கப்படுவதால் சுற்றி வளைத்துக் கேட்பதேயல்லாமல் வேறில்லை. பெயர் முஸ்லிம் பெயராயிருந்தால் மற்றக் கேள்விகளுக்கே வேலையில்லை. "வீடு நேற்றே போய்விட்டது" என்று பதில் வந்துவிடும். ஆனால் பலகை மறுநாளும் தொங்கும்.

மயிலாப்பூரில் "சைவம் மட்டும்" என்று சொல்லுகிறவர்களை ஒன்று கேட்கிறோம். பங்குனியில் அறுபத்துமூவர் விழா என்று மாட வீதிகளைச் சுற்றிப் பல்லக்குகள் தூக்குகிறீர்களே, அந்த அறுபத்துமூவரில் கண்ணப்பர் யார்? பன்றி இறைச்சியை வாயில் போட்டுச் சுவை பார்த்துச் சிவனுக்குப் படைத்தவர் என்று உங்கள் புராணம்தானே சொல்லுகிறது? திருநாளைப்போவார் யார்? கோவிலுக்குள் விடப்படாத ஜாதியில் பிறந்தவரல்லவா? இவ்விருவரும் பல்லக்கை விட்டு இறங்கி வந்து, அதே வீதியில் மாடி அறை ஒன்று வாடகைக்குக் கேட்டால் கொடுப்பீர்களா? தெய்வத்துக்கு ஆகிற மாமிசம் மாடிப்படிக்கு ஆகாமற்போன மர்மம் என்ன?

தியாகராய நகரின் கதையோ இதைவிட வேடிக்கையானது. இந்நகர் 1920களில் நீதிக் கட்சி ஆட்சியில், ஏரியைத் தூர்த்து உண்டாக்கப்பட்டது. தியாகராயர் பெயரால் நகர். பனகல் அரசர் பெயரால் பூங்கா. டாக்டர் நடேசன் பெயரால் இன்னொரு பூங்கா. 1934இல் சென்னை மாகாணத்துக்குத் தற்காலிகக் கவர்னராக இருந்த முகமது உஸ்மான் பெயரால் சாலை. அந்த உஸ்மான் சாலையிலும் சுற்றுத் தெருக்களிலும் இன்று ஒரு உஸ்மான் வீடு தேடினால் எத்தனை கதவு திறக்கும்? அவர் பெயரைத் தபால் விலாசத்தில் எழுதிக்கொள்ள வெட்கமில்லை; அந்தப் பெயருடைய மனிதனை மாத்திரம் வீட்டுக்குள் விட மனமில்லை!

டாக்டர் நடேசனார் 1916இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற மாணவர் விடுதியை ஏன் ஆரம்பித்தார்? வெளியூரிலிருந்து படிக்க வந்த பார்ப்பனரல்லாத பிள்ளைகளுக்குப் பட்டணத்தில் தங்கிச் சாப்பிட இடமில்லாதிருந்ததால்தான். அதாவது, இந்நாட்டுப் பார்ப்பனரல்லாதார் இயக்கத்தின் ஆரம்பக் காரியங்களில் ஒன்றே தங்க இடம் தேடியதுதான். நூறு வருஷத்துக்குமேல் ஆகியும் அந்தத் தேடல் தீரவில்லை.

இதைப் பார்ப்பனர் மாத்திரந்தான் செய்கிறார்கள் என்று சொல்ல நாம் தயாராயில்லை. ஆட்டுக்கறி தின்னும் வீட்டுக்காரர், மாட்டுக்கறி தின்பவருக்கு வீடில்லை என்கிறார். தம்மை மேல்ஜாதிக்காரர் ஒதுக்கியதை மேடையில் சொல்லி அழுகிறவர், தம் வீட்டைத் தேடி ஆதிதிராவிடர் வந்தால் "எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஒப்பமாட்டார்கள்" என்கிறார். நம் கூட்டங்களில் கைதட்டுகிறவர்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் தட்டிய கைக்கு நாம் நன்றி செலுத்த முடியாது.

"என் வீடு, என் இஷ்டம்" என்று சொல்லப்படுகிறது. இதே நியாயத்தைத்தான் முன்பு ஓட்டல்காரர்களும் சொன்னார்கள். ஓட்டல் பலகைகளிலிருந்த "பிராமணாள்" என்ற சொல்லை எடுக்க 1957இல் பெரியார் கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்தது. கடைக்கும் ஓட்டலுக்கும் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு இன்று தடை விதித்திருக்கிறது. வாடகைக்கு விடுகிறவரும் பணத்துக்கு இடம் விற்கும் வியாபாரிதானே? அவ்வீட்டைக் கட்டிய கொத்தனாரிடமும் சித்தாளிடமும் ஜாதி கேட்டாரா? சாக்கடை அடைத்துக்கொண்டால் இறங்குகிறவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்கிறாரா? வேலைக்கு ஆகிறவன் வாசத்துக்கு ஆகமாட்டான் என்பதுதானே வருணாசிரமம்?

இவ்வீட்டுக்காரர்கள் பலரின் பிள்ளைகள் அமெரிக்காவில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அங்கே இனம், மதம், நிறம் பார்த்து வீடு மறுப்பது சட்டவிரோதமென்று 1968ஆம் வருஷத்திலேயே சட்டம் செய்தார்கள். மாட்டுக்கறி தின்பவரின் கட்டடத்தில் மகன் சுகமாயிருக்கச் சட்டம் வேண்டும். மயிலாப்பூரில் மாத்திரம் மனு தர்மம் வேண்டும் என்பது என்ன நாணயம்?

நம் சர்க்கார் என்ன செய்தது? 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017இல் புதுச் சட்டம் செய்து 2019இல் அமுலுக்குக் கொண்டுவந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு சந்தும் வைத்திருப்பதால், ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்பது நிற்கவில்லை. ஜாதியையும் மதத்தையும் பார்த்து வீடு மறுப்பதைப்பற்றி அச்சட்டத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. தீண்டாமைக்காகக் குடியிருக்க வொட்டாமல் தடுப்பது 1955ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றந்தான். ஆனால் "வீடு போய்விட்டது" என்று சிரித்துக்கொண்டே சொல்லுகிறவரை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

ஆகவே நாம் வேண்டுவதாவது: ஜாதி, மதம், சாப்பாடு, கல்யாணமாகாமை இவற்றைக் காட்டி வீடு மறுப்பதைக் குற்றமாக்கி 2017ஆம் வருஷத்துச் சட்டத்தைத் திருத்த வேண்டும். முன்பணச் சந்தை அடைக்க வேண்டும். வீடு தேடுவோர், ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகக் கூடாதென்ற மூடத்தனத்தை விட்டுவிட்டால், போட்டி குறைந்த அம்மாதங்களில் பேரம் பேசவாவது இடமிருக்கும்.

கடைசியாக, இதைப் படிக்கும் வீட்டுக்காரத் தோழர்களே! சட்டம் வரும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் "டு-லெட்" பலகையில், "இங்கு ஜாதி கேட்கப்படமாட்டாது" என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அதற்குத் தைரியமில்லாதவர்கள் ஜாதி ஒழிப்பைப்பற்றி நம்மிடம் பேச வர வேண்டாமென்று தெரிவித்துக்கொள்ளுகிறோம்.