உண்ண மறுக்கும் உடும்பு

பாலாற்றுப் பக்கத்து அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் வரைந்துள்ளார். மீன் வலையில் சிக்கித் தவித்த உடும்புக் குட்டியொன்றை அவர் மகன் மீட்டு இல்லம் கொணர்ந்தானாம். பிள்ளைகள் பெயரிட்டுச் சீராட்டுகின்றனர். பாலும் சோறும் வைத்தனர், முட்டையும் வைத்தனர். ஐந்து நாட்களாக அது எதையும் தொடவில்லை. வாயைத் திறந்து ஊட்டலாமா என்பது அவர் வினா.

(இப்பாலாறு காஞ்சிபுரத்தின் வழியே செல்வது அன்று, மாதேசுவரன் மலைப் பக்கம் எல்லையாய் ஓடிக் காவிரியில் கலப்பது. இதனை அடுத்த கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராசநகர் மாவட்டம்.)

ஊட்டலாகாது. உடும்பு நம்மைப்போல் தன்னுடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக் காப்பதன்று. வெயிலில் காய்ந்து உடல் 30 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினாலன்றி இரை நன்கு செரிக்காது. குளிர்ந்த சிமெண்டுத் தரையில் கிடக்கும் உயிருக்குப் பசி எங்ஙனம் எழும்? வலிந்து திணித்த இரை வயிற்றிலேயே அழுகும். மூச்சுக்குழலில் புகின் உயிருக்கே கேடு. அச்சம் மற்றொரு காரணம். பிள்ளைகளின் கைகள் அதற்குப் பருந்தின் கால்களே. பாலும் சோறும் அதன் உணவல்ல. குட்டி உடும்பு வண்டும் வெட்டுக்கிளியும் தேடித் தின்பது. பட்டினியைப் பல நாள் தாங்கும். நீரின்மையை அவ்வாறு தாங்காது. கண் குழிந்து தோல் தொய்ந்திருப்பின் அதுவே அடையாளம்.

வலையில் அகப்பட்டதாகலின் இன்னொன்றும் ஐயுறத் தக்கது. தொண்டையில் தூண்டில் முள் இருக்கலாம். காலில் நரம்பு இறுகியிருக்கலாம். முள்ளை இழுத்தல் கூடாது; அது கால்நடை மருத்துவர் பணி.

ஆயின் மருத்துவத்தினும் முந்திய செய்தி ஒன்றுண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இடம்பெற்றுள்ளது. அன்பினால் வளர்ப்பினும் குற்றமே. தண்டனை மூன்று முதல் ஏழாண்டுச் சிறை. கஞ்சிராவுக்குத் தோலும், மருந்தென்று கொழுப்பும் வேண்டி இவ்வினத்தை மாந்தர் வேட்டையாடியதை எண்ணின், இக்கடுமை மிகையென்று எமக்குத் தோன்றவில்லை. மொழி தெரியாத ஊரில் வழக்கென்று நிற்பது நம்மவர்க்கு எத்துணைத் தொல்லை என்பதையும் கூற வேண்டுமோ?

ஆதலின், அன்பரே, இன்றே வனத்துறையினருக்குத் தெரிவியுங்கள். பாலாற்று வனச் சோதனைச் சாவடியிலேயே கூறலாம். மீட்ட நாளையும் இடத்தையும் மறையாது சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை காற்றுத் துளையிட்ட மரப்பெட்டியில், ஒதுங்க ஒரு சாக்குத் துண்டும், ஆழமற்ற தட்டில் நீரும் வைத்து, பாதி வெயிலும் பாதி நிழலும் படுமாறு அமைதியான இடத்தில் வையுங்கள். உணவு வேண்டா. கடித்தாலோ கீறினாலோ சோப்பிட்டுக் கழுவி மருத்துவரை நாடுங்கள். தொட்டவர் அனைவரும் கைகழுவல் இன்றியமையாதது.

பிள்ளைகள் அழுவர். மைசூரில் 1892-இல் தோன்றிய சாமராசேந்திர விலங்குக் காட்சிசாலைக்கு ஒரு விடுமுறையில் அழைத்துச் செல்லுங்கள். தேறிய குட்டியைப் பிடித்த கரையிலேயே விடும்போது உடனிருக்கலாமா என்று வனத்துறையினரிடம் கேட்டும் பாருங்கள்.