நாற்பத்தைந்தின் மறதிக்கு வயது காரணமல்ல

கோவைப் பக்கம் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, "என்னமோ தெரியலைங்க, எதுவுமே நெனப்புல நிக்க மாட்டேங்குது" என்று சொன்னால், பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "வயசாகுதில்ல அம்மிணி, அப்படித்தான் இருக்கும்." சொல்பவர் மாமியாராக இருக்கலாம், பனியன் கம்பெனி சூப்பர்வைசராக இருக்கலாம், சில நேரம் மருத்துவராகவே இருக்கலாம். ஆறுதலுக்காகச் சொல்லப்படும் இந்தப் பதில் தவறு. அந்தப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய பரிசோதனையையும் சிகிச்சையையும் அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

வயதுதான் காரணமா? அமெரிக்காவில் நடுவயதுப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 'ஸ்வான்' ஆய்வில், கெய்ல் கிரீன்டேல் குழுவினர் 2,362 பெண்களுக்கு நினைவாற்றல், சிந்தனை வேகத் தேர்வுகளைத் திரும்பத் திரும்ப வைத்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மாதிரித் தேர்வைப் பலமுறை எழுதினால் பழக்கத்தில் மதிப்பெண் கூடும். மாதவிலக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களுக்குக் கூடியது. அது முன்பின்னாகி, நிற்கப்போகும் கட்டத்தில் இருந்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. முழுவதும் நின்ற பிறகோ மறுபடியும் கூடியது. வயதே காரணமென்றால், நின்றுபோனவர்கள் அல்லவா இன்னும் பின்தங்கியிருக்க வேண்டும்? வயது ஏற ஏற மூளையின் வேகம் சற்றுக் குறைவது உண்மைதான். ஆனால் நான் பேசும் தடுமாற்றம் அந்தச் சில ஆண்டுகளுக்கு உரியது.

சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனுக்குக் கருப்பையில் மட்டும் வேலையில்லை. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸிலும் திட்டமிடும் முன்மூளையிலும் அதற்கான ஏற்பிகள் இருக்கின்றன. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் அது படிப்படியாகவும் குறைவதில்லை; ஒரு மாதம் ஏறுகிறது, மறுமாதம் சரிகிறது. இதோடு நடுராத்திரியில் உடம்பு கொதித்து, வேர்த்து நனைந்து எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. சிகாகோவின் பாலின் மாக்கி, இந்த வெப்ப அலைகளைக் கருவி பொருத்தி எண்ணிப் பார்த்தார். அவை அதிகம் வந்த பெண்களுக்குச் சொற்களை நினைவில் வைக்கும் திறன் குறைந்திருந்தது. "சும்மா உக்காந்து யோசிச்சா இப்படித்தான்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். திருப்பூர் செக்கிங் மேசையிலும் நூற்பாலை இரவு ஷிப்டிலும் நின்றுவிட்டு வந்து வீட்டிலும் உலை வைக்கிற பெண்ணுக்குச் சும்மா உட்கார நேரம் ஏது?

"எங்க அமுச்சிக்கெல்லாம் இப்படி எதுவும் வரலையே" என்ற வாதம்தான் கொங்கு வீடுகளில் வலுவாக நிற்கிறது. அமுச்சிக்கு வரவில்லை என்று நமக்கு எப்படித் தெரியும்? மாதவிலக்கு நின்றதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இன்னொன்றும் உண்டு. மாதவிலக்கு நிற்கும் இந்தக் காலத்தில் அதிகம் தடுமாறுவது பெயர், சொல், புதிதாகக் கேட்ட செய்தி ஆகியவைதான்; கைக்குப் பழகிய வேலை அவ்வளவாகக் கெடுவதில்லை. களையெடுக்கவும் பால் கறக்கவும் கை தானாகவே போகும். இன்று அதே வயதுப் பேத்திக்கு ஓடிபி, சீட்டுத் தவணை, பையனின் கல்லூரிக் கட்டணத் தேதி, பீஸ் ரேட் கணக்கு எல்லாமே தலையில் நிற்க வேண்டும். அமுச்சியின் வாழ்க்கையில் ஒளிந்துகொள்ள முடிந்த தடுமாற்றம் இவள் வாழ்க்கையில் வெளியே தெரிந்துவிடுகிறது.

இவற்றைவிட என்னைக் கோபப்படுத்துவது, "கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாம் சரியாயிரும்" என்ற பேச்சு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 3.3 சதவீதம் பேர் கருப்பை அகற்றிக்கொண்டவர்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு 35 வயதுக்குள்ளேயே அது நடந்திருக்கிறது. புற்றுநோய்க்கும் அடங்காத உதிரப்போக்குக்கும் எடுக்க வேண்டிய சூழல் உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கருப்பையோடு இரு சூலகங்களையும் எடுத்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன் வீழ்ச்சி ஒரே நாளில் நடந்துவிடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிலக்கு நிற்கும் முன்பே சூலகம் எடுக்கப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் அறிவாற்றல் குறைபாடும் டிமென்ஷியாவும் வரும் ஆபத்து கூடியிருந்தது. எடுத்த வயது குறையக் குறைய ஆபத்தும் ஏறியது. எனவே அறுவைக்குக் கையெழுத்துப் போடும் முன், "சூலகத்தையும் எடுக்கறீங்களா? எதுக்குங்க?" என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

நேரெதிரான பயமும் தவறு. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது டிமென்ஷியாவின் தொடக்கம் அல்ல. 65 வயதுக்கு முன் அந்த நோய் வருவது அரிது. தினமும் போகும் வழியே குழம்பினால், பழகிய சமையலின் வரிசையே மறந்தால், தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஹார்மோன் சிகிச்சையை நினைவு மாத்திரை என்று விற்பதையும் நான் ஏற்கவில்லை. 65 வயதைக் கடந்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் டிமென்ஷியா ஆபத்து இருமடங்கானது 2003-இல் தெரியவந்தது. அறுபதுக்கு உட்பட்டவர்களுக்கு, கடுமையான வெப்ப அலைக்கு, மருத்துவர் அலசிப் பார்த்துக் கொடுப்பது வேறு. தூக்கம் திரும்பினால் தலையும் தெளியும்.

"அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிடுவதால் உண்மையில் தவறிப்போவது வேறு கோளாறுகள். அதே 2019-21 குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. மாதவிலக்கு நிற்கும் முன் வரும் அதிக உதிரப்போக்கு அதை இன்னும் மோசமாக்கும். தைராய்டு குறைவும் பி12 குறைவும் இதே மந்தத்தைத் தரும், மனச்சோர்வும் தரும். எல்லாமே கண்டுபிடிக்கக் கூடியவை, சரிசெய்யக் கூடியவை. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குச் சர்க்கரை பார்க்கப் போகும் மில் தொழிலாளி, ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு வீடாக வருகிறார்கள். நாற்பது கடந்த பெண்ணிடம் அவர்கள் இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ள அரசு உத்தரவிட வேண்டும்: வீட்டுவிலக்கு ஒழுங்கா வருதுங்களா? ராத்திரி தூங்கறீங்களா?