சங்ககிரிக் கோட்டை

சேலத்திலிருந்து ஈரோட்டிற்கு இருப்புப்பாதை வழியே செல்வோர், இடையில் உயர்ந்து நிற்கும் ஒரு குன்றைக் காண்பர். அதுவே சங்ககிரி. சங்கின் வடிவினதாதலின் அப்பெயர் பெற்றது என்பர். மதிலின்மேல் மதிலாக எழுந்த கருங்கற்கோட்டை அது. வாயில் பல கடந்தே உச்சியை அடைதல் கூடும். 1792இல் திப்பு சுல்தானோடு செய்த உடன்படிக்கையால் கோட்டை கும்பெனியார் வசமாயிற்று.

அக்கும்பெனியாரை எதிர்த்து ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் பொருத தீரன் சின்னமலை, பிடிபட்டபின், உடன்பிறந்தாரோடு இங்கேதான் தூக்கிலிடப்பட்டான். ஆண்டு 1805. பகைவரைத் தடுக்க எழுந்த மதில் வீரரை அடைக்கவும் உதவிற்று!

ஆடிப்பெருக்கன்று மக்கள் அவனை நினைந்து மலர் தூவுகின்றனர். அஃது ஒருநாட் செயல். மதிலைக் காத்தலோ ஆண்டு முழுதும் செய்யற்பாலது. நினைவு மண்டபம் போதாதோ எனச் சிலர் வினவலாம். மண்டபத்தை எங்கும் எழுப்பலாம். அவன் இறுதியாகக் கண்ட மதிலை வேறெங்கும் எழுப்புதல் இயலாது.

அந்தமான் சிறையை நோக்குக. 1906இல் கட்டிமுடித்த ஏழு சிறகுகளுள் இன்று எஞ்சியவை மூன்றே. விடுதலைக்குப் பின்னரும் அதனை இடித்தனர் என்பது வருந்தத்தக்கது. முன்பு அங்கு அடைபட்டிருந்தோர் எதிர்த்துக் குரல் எழுப்பியதால் எஞ்சியவை பிழைத்தன. 1979இல் அச்சிறை தேசிய நினைவுச்சின்னம் ஆயிற்று.

பழங்கோட்டைகளுக்கு இன்று பகை பீரங்கி அன்று. கற்சந்தில் வேரூன்றும் ஆலங்கன்றும், தம் பெயரைச் சுவரில் கீறிச் செல்வோர் கையிலுள்ள ஆணியுமே. கன்று பருக்குமுன் களைதல் வேண்டும். சரிந்த கல்லை அவ்விடத்திலேயே அடுக்கினால் போதும். சுண்ணம் பூசிப் புதுக்குதல் வேண்டா.