பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிஷம்

உங்கள் வீட்டில் கார் இருக்கிறதா? இருந்தால், அடுத்த முறை மட்டமான, நேரான சாலையில் போகும்போது ஸ்டியரிங் சக்கரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வண்டி நேராகப் போகையில் சக்கரமும் நேராக நிற்கிறதா? இல்லை, என் வண்டியில் நின்றதுபோல், பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிஷம் ஆன பெரிய முள் மாதிரி வலது பக்கம் சாய்ந்து நிற்கிறதா? கார் இல்லாதவர்களும் மேலே படிக்கலாம். கார் வைத்திருக்கும் மைத்துனர் ஒருவராவது இருப்பார். அவருக்கு யோசனை சொல்லும் சந்தர்ப்பத்தை ஏன் விட வேண்டும்?

என் வண்டிக்குப் பன்னிரண்டு வயது. அதன் சக்கரம் "திடீரென்று, தானாகவே" கோணலாகிவிட்டது என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சுத்தப் பொய். முதல் நாள் இரவு மழையில், தண்ணீர் நிரம்பிக் கிடந்த பள்ளம் ஒன்றில் இடது முன்சக்கரத்தை 'டமால்' என்று இறக்கிய புண்ணியவான் அடியேன்தான். வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து வந்த என் மனைவி கேட்டுவிட்டாள்: "என்னங்க, ரோடு நேரே போகிறது, வண்டியும் நேரே போகிறது, உங்கள் கை மட்டும் ஏன் திரும்பியிருக்கிறது?"

சனிக்கிழமை எல்லாருமாகக் கும்பகோணம் போவதாக ஏற்பாடு. அம்மா, குழந்தைகள், புளியோதரை எல்லாம் சேர்த்து முந்நூறு கிலோமீட்டர். அதற்குள் சரி செய்தாக வேண்டுமே என்று ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பையன் ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "சக்கரத்தைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிடலாம் சார். பத்து நிமிஷ வேலை." காசும் குறைவு, காலமும் குறைவு. எனக்கு வெகு திருப்தி. அவன் ஸ்பானரை எடுத்துவிட்டான்.

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "இருடா" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "நேற்று வரைக்கும் சக்கரம் நேராத்தானே சார் இருந்தது?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"ராத்திரி யாராவது வந்து அதைக் கழற்றித் திருப்பி மாட்டினாங்களா?"

"இல்லையே!"

"அப்போ அது என்ன சார் பாவம் செய்தது?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, ஸ்டியரிங்கை இடது கோடி வரைக்கும் திருப்பினார். அங்கிருந்து வலது கோடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணினார். அதில் சரிபாதி திருப்பி நிறுத்தினார். என்ன ஆச்சரியம்! ஸ்டியரிங் சக்கரம் தராசுக் கோல் போல மட்டமாக நின்றது. வலது முன்சக்கரமும் நேரே பார்த்தது. இடது சக்கரம் மட்டும் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி சற்றே வெளிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

சமாசாரம் இதுதான். ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு பற்சக்கரம் இருக்கிறது. அது 'ரேக்' என்னும் பல் வைத்த சட்டத்தை இடமும் வலமும் தள்ளுகிறது. சட்டத்தின் இரு முனையிலும் ஆளுக்கொரு கை போல 'டை ராட்' என்று ஒரு கம்பி. அது முன்சக்கரத்தைப் பிடித்துத் திருப்புகிறது. ஒரு கை குட்டையாகிவிட்டால் அந்தப் பக்கத்துச் சக்கரம் கோணும். ஓடும்போது இரண்டு சக்கரமும் கோணலைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்வதால் வண்டி நேராகப் போய்விடும். ஸ்டியரிங்தான் சாய்ந்து காட்டிக்கொடுக்கும்.

பெரியவர் வண்டிக்கு அடியில் விளக்கைப் பிடித்துக் காட்டினார். இடது டை ராட் புருவம் போல லேசாக வளைந்திருந்தது. பள்ளத்தின் கைங்கரியம்! முன்சக்கரங்களையும் ஊரைச் சுற்றிக்கொண்டு வரும் அந்தக் கம்பி வழியில் ஒடிந்தால் அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஸ்லோகம் சொல்ல வேண்டியதுதான். அந்தச் சக்கரம் நம் பேச்சைக் கேட்காது. பையன் சொன்னபடி பல் தள்ளி மாட்டியிருந்தால், ஸ்டியரிங் அழகாக நேராகியிருக்கும். வளைந்த கம்பி வளைந்தபடியே என் அம்மாவையும் குழந்தைகளையும் சுமந்துகொண்டு போயிருக்கும். எனக்கு நெற்றி வேர்த்தது.

"தட்டி நிமிர்த்திவிடலாமா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இயலாது. புதுக் கம்பிதான் போட்டார்.

எல்லாக் கோணலுக்கும் வளைந்த கம்பி காரணமில்லை. முதலில் டயர் காற்றைச் சரி பாருங்கள். நம் ஊரில் சாலையின் இடது ஓரம் மழைநீர் வடியச் சற்றுச் சரிந்திருக்கும். அங்கே ஸ்டியரிங்கை ஒரு இழை வலது பக்கம் பிடிப்பது இயற்கை. ஆகவே மட்டமான இடத்தில் பார்த்த பிறகே குறை சொல்ல வேண்டும். அப்படியும் சாய்ந்திருந்து, கம்பிகளும் மூட்டுகளும் நன்றாக இருந்தால், வீல் அலைன்மென்ட் செய்யும் இடத்துக்குப் போங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி வைத்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள். பூட்டாமல் அளந்தால் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று சரியாக அமையும், ஸ்டியரிங் பழைய கோணலிலேயே நிற்கும். சக்கரங்கள் ஒன்றுக்கொன்று சரியாகவே இருக்கிறதென்றால், ஒரு டை ராடை எவ்வளவு நீட்டுகிறார்களோ, மற்றதை அவ்வளவே குறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் திருகினால் டயர் ஓரமாகத் தேயும். புது டயர் விலை உங்களுக்குத் தெரியும்.

பல் தள்ளி மாட்டும் வைத்தியம், முன்பு யாரோ சக்கரத்தைத் தப்பாக மாட்டியிருந்தால்தான் செல்லும். தண்டில் 36 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி. நாலு டிகிரிக் கோணலை அது எப்படித் தீர்க்கும்? புது வண்டிக்காரர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2019 ஜூலை முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். அது இருப்பது அந்த ஸ்டியரிங்கின் வயிற்றுக்குள்ளே! தெரியாமல் கை வைத்தால் முகத்தில் வெடிக்கும். அதற்குப் போகும் சுருள் கம்பியும் நடு மாறினால் முழுத் திருப்பத்தில் அறுந்துபோகலாம்.

சனிக்கிழமை கும்பகோணம் போய்ச் சேர்ந்தோம். ஸ்டியரிங் பன்னிரண்டு மணியில் அசையாமல் நின்றது. திரும்பி வந்த பிறகு, என் சட்டைப் பையிலிருந்த பட்டறை ரசீது மனைவியின் கையில் சிக்கிவிட்டது. "இடது டை ராட் ஒன்று என்று போட்டிருக்கிறதே, அது எப்படிக் கெட்டது?" என்று கேட்டாள். "வயசாகிவிட்டது" என்றேன்.

இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வருகிறது.