மளிகை லிஸ்ட் எங்கே போச்சு மக்களே?

டெல்லியில் நாலு தமிழ்க் குடும்பம் ஒரு இடத்தில் கூடினால் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் வெயில், இல்லாவிட்டால் குளிர். அடுத்து பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ். மூணாவதாக, தவறாமல், "என்னா விலை விக்குது சார்! மளிகைக்கே மாசம் பதினாலாயிரம் ஆகுது." உடனே எல்லோரும் தலையாட்டுவோம். நானும் பல வருஷமாக ஆட்டியிருக்கிறேன்.

இனிமேல் ஆட்ட மாட்டேன். அடிக்க வராதீர்கள், விலைவாசி ஏறியது நிஜம்தான். ஆனால் அந்தப் பதினாலாயிரம் மொத்தத்துக்கும் விலைவாசி மேல் பழி போடுவது அநியாயம். அதில் ஒரு பெரிய பங்கு நாம் மளிகை லிஸ்ட் எழுதுவதை விட்டதால் வந்தது.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்ன கொசுவத்தி.

கோல் மார்க்கெட் தெரியாதவர்களுக்கு: கனாட் பிளேஸுக்குப் பக்கத்தில், ரவுண்டானா நடுவில் நிற்கிற பன்னிரண்டு பக்கக் கட்டடம். புது டெல்லியைக் கட்டும்போதே, 1921-ல், எழுப்பிய சந்தை. சுற்றிலும் அரசு குவார்ட்டர்ஸ், கொஞ்ச தூரத்தில் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளி. அதனால் இந்தப் பக்கத்துக் கடைகளில் நம்ம ஊர்ச் சாமான் கிடைக்கும். அந்த வட்டக் கட்டடத்தில் இருந்த கடைகளைக் காலி பண்ணிவிட்டார்கள், மியூசியம் ஆக்கத் திட்டம். சுற்றியுள்ள கடைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதற்குப் பக்கத்தில்தான் நான் குடியிருக்கிறேன். ஆனாலும் மூணு வருஷமாக மளிகை வாங்கியதெல்லாம் கார் எடுத்துப் போய் சூப்பர் மார்க்கெட்டில், பாக்கி பத்து நிமிஷ ஆப்பில்.

இந்த வருஷம் அப்பாவின் திதி அன்று காலை. குளித்துவிட்டு வந்து பார்த்தால் வீட்டில் எள் இல்லை. அலமாரியில் என்னென்ன இருந்தது தெரியுமா? பாஸ்தா மசாலா மூணு பாக்கெட், ஓட்ஸ் ரெண்டு டப்பா, "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" சேமியா நாலு (ரெண்டு எக்ஸ்பையரி தாண்டினது), பிள்ளைகள் ஒரே வாய் சாப்பிட்டு வைத்த கார்ன்ஃப்ளேக்ஸ். எள் இல்லை. ஆப்பில் தேடினால் வறுத்த வெள்ளை எள்தான் இருக்கிறது, சாலட் மேல் தூவிக்கொள்ள.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "எள்ளு வாங்கணும்னு உனக்குத் தோணவே இல்லையா?"

தங்கமணி நிதானமாகச் சொன்னாள்: "திதி உங்க அப்பாவுக்கு. ட்ராலி தள்ளினது நீங்க. கார்டு தேய்ச்சதும் நீங்க. எனக்கு ஏன் தோணணும்?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. கோல் மார்க்கெட்டுக்கு ஓடினேன். பழைய கடைப் பெரியவர் அப்போதுதான் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தார். நூறு கிராம் கறுப்பு எள்ளைப் பேப்பரில் மடித்துக் கொடுத்துவிட்டு, "சார் லிஸ்ட் குடுத்து ரொம்ப நாளாச்சே, ட்ரான்ஸ்ஃபர் ஆயிடுச்சோன்னு நெனச்சேன்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் அதிகமாகக் குத்தியது.

அன்று ராத்திரி உட்கார்ந்தேன். பேங்க்கில் இருபது வருஷமாக அடுத்தவன் கணக்கில் நொட்டை சொல்கிறவன், முதல் தடவையாக என் சமையலறையை ஆடிட் பண்ணினேன். மூணு மாச பில்களை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு போயிருந்தால் இது லிஸ்டில் இருந்திருக்குமா?

மொத்தம் 41,300 ரூபாய். லிஸ்டில் இருந்திருக்கக்கூடியது 26,800. மீதி 14,500, கடையில் நடக்கும்போது கண்ணில் பட்டு வண்டியில் விழுந்தது. மாசத்துக்கு 4,800-க்கு மேல், வருஷத்துக்கு 58,000. போன பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போகவில்லை. "நாலு பேருக்கு ஃப்ளைட் அம்பதாயிரத்தைத் தாண்டுதும்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று திருச்சியில் இருக்கிற அம்மாவிடம் சொன்னவன் நான். பணம் இல்லாமல் இல்லை. பாஸ்தா மசாலாவாக அலமாரியில் இருந்தது.

எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் இதற்கு வழியே கிடையாது. மாசக் கடைசியில் அப்பா பழைய டைரியோடு உட்காருவார். அம்மா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். பிள்ளையார் சுழி, முதல் வரி மஞ்சள், அப்புறம் துவரம்பருப்பு 2 கிலோ, உளுந்து 2 கிலோ, கடுகு 200, வத்தல் 500... "உளுந்து ஒரு கிலோ இருக்குங்க, ஒண்ணு போதும்" என்றால் 2-ஐ அடித்து 1. நாங்கள் பேங்க்கில் சரக்கின் மேல் கடன் கொடுத்தால் கோடவுனுக்கே போய் மூட்டையை எண்ணுவோம். அம்மா டப்பாவைத் திறந்து பார்த்ததும் அதேதான். எங்கள் தெருவில் யாரும் அதை ஆடிட் என்று சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அந்த லிஸ்ட் தானாகச் சாகவில்லை. ஆதியில் அமெரிக்காவிலும் லிஸ்டைக் கவுண்டரில் கொடுத்தால் கடைப் பையன் எடுத்துத் தருவான். 1916-ல் மெம்ஃபிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்று ஒரு கடை திறந்து, ஜனங்களை உள்ளே விட்டு, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கடைக்குக் கூலி மிச்சம், கூடவே லிஸ்டில் இல்லாத சாமானும் கண்ணில் பட்டது. ஆனால் கையில் கூடை கனத்ததும் ஜனங்கள் நிறுத்திக்கொண்டார்கள். 1937-ல் ஓக்லஹோமா நகரத்தில் சில்வன் கோல்ட்மன் என்ற கடை முதலாளி அதைக் கவனித்தார். கூடைக்குச் சக்கரம் வைத்தார். நாம் ஞாயிற்றுக்கிழமை குழந்தையை உட்காரவைத்துப் பெருமையாகத் தள்ளுகிறோமே, அந்த ட்ராலி நம் முதுகுக்காக வந்தது என்று நினைத்தீர்களா? கை வலித்தால் வாங்குவதை நிறுத்திவிடுவோம், அதற்காக வந்தது. காஸ்ட்கோவிலும் முஸ்தபாவிலும் தள்ளுகிற சொந்தங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் மட்டும் இல்லை, நாடே இப்படித்தான் போகிறது. மத்திய அரசின் 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், நகரத்துக் குடும்பங்களின் மாதச் செலவில் அரிசி, கோதுமை மாதிரி தானியங்களுக்குப் போவது சுமார் 4.5 சதவீதம். பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவுக்குப் போவது சுமார் 10.6 சதவீதம். அரிசி விலையைப் பற்றித்தான் புலம்புகிறோம், செலவு வேறு எங்கேயோ ஆகிறது.

"மலிவா கிடைக்குதே சார்" என்பீர்கள். எம்.ஆர்.பி.யில் 30 ரூபாய் தள்ளுபடி என்று போட்டால் 30 ரூபாய் லாபம் என்று நினைக்கிறோம். எம்.ஆர்.பி.யை அச்சடிப்பது யார்? பாக்கெட் போடுகிற கம்பெனியேதான். அந்த விலையைத் தாண்டி விற்கக்கூடாது என்றுதான் சட்டம், அதுதான் நியாயமான விலை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பாக்கெட் அளவைப் பாருங்கள். பிஸ்கட், டீத்தூள், எண்ணெய், மாவு என்று ஒரு பட்டியலே இருந்தது, இன்ன பொருளை இன்ன அளவில்தான் பாக்கெட் போடலாம் என்று. 2021-ல் விதியைத் திருத்தி அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு, கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்று பாக்கெட் மேலேயே அச்சடிக்க வேண்டும் என்றார்கள். நல்ல விதி. ஆனால் ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் கிராம் விலை, மேலே போனால் கிலோ விலை. 900 கிராம் பாக்கெட்டையும் ஒன்றரைக் கிலோ பாக்கெட்டையும் ஒப்பிட மனசுக்குள் ஆயிரத்தால் பெருக்க வேண்டும். பெருக்கியாவது பாருங்கள். "ஃபேமிலி பேக்" என்று எழுதியதெல்லாம் மலிவு இல்லை என்று தெரியும்.

இன்னொன்று, வரி. 2022 ஜூலை 18-லிருந்து, 25 கிலோ வரைக்கும் பாக்கெட்டில் லேபிள் ஒட்டி விற்கிற அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் இல்லை. திடீரென்று 26 கிலோ அரிசி மூட்டை எங்கிருந்து முளைத்தது என்று யோசித்திருந்தால், இதுதான் விஷயம். வரி இல்லை என்பதாலேயே சில்லறைச் சரக்கு மலிவு என்று சொல்ல மாட்டேன். விலை கேட்டுப் பாருங்கள் என்கிறேன். நாம் கேட்பதையே விட்டுவிட்டோம்.

"அப்போ சின்னக் கடைக்காரர் எல்லாம் உத்தமரா?" இல்லை. ஊர்ச் சாமான் வேறு எங்கே கிடைக்கும் என்ற தைரியத்தில் அப்பளத்துக்கும் நல்லெண்ணெய்க்கும் தீட்டுகிறவர்கள் உண்டு. பில் கேட்டால் முறைப்பவர்களும் உண்டு. பெரிய கடை என்றாலே கெட்டது என்றும் சொல்லவில்லை. விலைவாசியை அடக்கத்தான் 1966-ல் கனாட் பிளேஸில் அரசு ஆதரவோடு சூப்பர் பஜார் என்ற கூட்டுறவுக் கடையைத் திறந்தார்கள். டெல்லியின் பழைய தமிழ்க் குடும்பங்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். 2002-ல் அதை மூடினார்கள். எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போங்கள். கையில் லிஸ்டோடு போங்கள், அவ்வளவுதான்.

"நேரம் எங்கே சார் இருக்கு, ஆபீஸ்ல ஆணி தலைக்கு மேல." இந்தச் சாக்குதான் எனக்கு ஆகவே ஆகாது. லிஸ்ட் எழுத இருபது நிமிஷம். ட்ராலி தள்ளி, க்யூவில் நின்று, பார்க்கிங்கிலிருந்து வெளியே வர ரெண்டு மணி நேரம். ஆப்பில் இலவச டெலிவரிக்கு 40 ரூபாய் குறைகிறது என்று 90 ரூபாய்க்கு சாக்லேட் சேர்ப்பவர்கள் நேரத்தைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் பேசவே கூடாது. (நானும் சேர்த்தவன்தான், ஹி ஹி.)

கடைசியாக, ரங்கமணிகளே, உங்களுக்கு. பேப்பரில் லிஸ்ட் இல்லாத வீட்டில் லிஸ்டே இல்லை என்று நினைக்காதீர்கள். அது தங்கமணி தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் ஆபீஸில் இருக்கும்போதும், பஸ்ஸில் வரும்போதும். பெருங்காயம் தீர்ந்தது, அம்மாவுக்குத் திதி, பையனுக்கு டிபனுக்கு ரவை இல்லை... மறந்தால் திட்டு அவளுக்கு, ட்ராலி தள்ளினால் உதவி பண்ணின பேர் நமக்கு. இதைவிட மட்டமான கணக்கை எந்த பிராஞ்சிலும் நான் பார்த்ததில்லை.

இப்போது எங்கள் வீட்டில் மாசக் கடைசி ஞாயிறு நான்தான் டப்பாக்களைத் திறக்கிறேன். பெண் எழுதுகிறாள். முதல் மாசம் "உலுந்து" என்று எழுதினாள். பெருஞ்சீரகத்தையும் சீரகத்தையும் முகர்ந்து பார்த்துத்தான் பிரித்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண்ணுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் யார் தப்பு? பாக்கெட் மேல் எழுதியிருந்ததைப் படித்தே வளர்ந்தாள், டப்பாவைத் திறக்க நாங்கள் சொல்லவே இல்லை.

போன மாச பில் 9,200. வாய்க்கு ருசியாக எதையும் நிறுத்தவில்லை, முறுக்கும் சாக்லேட்டும் லிஸ்டிலேயே எழுதி வாங்கினோம். பொங்கலுக்கு நாலு டிக்கெட் போட்டாச்சு.

அடுத்த தடவை விலைவாசி என்று யாராவது ஆரம்பித்தால், முதலில் லிஸ்டைக் காட்டுங்கள் என்று கேட்கப்போகிறேன். இருந்தால் சேர்ந்து புலம்புவோம்.

டிஸ்கி: கோல் மார்க்கெட் பெரியவரிடம் திரும்ப லிஸ்ட் கொடுக்க ஆரம்பித்தாகிவிட்டது. நல்லெண்ணெய்க்கு மட்டும் இன்னும் தீட்டுகிறார். சண்டை நடந்துகொண்டிருக்கிறது.