ஓர்மம் மட்டும் ஓடாது

பயிற்சி இடையில் அறுந்துவிட்டதா? ஓடும் ஆசையே வற்றிவிட்டதா? கவலை வேண்டாம், மனவுறுதி ஒன்று இருந்தால் நூறு கிலோமீற்றரும் காலடியில் கிடக்கும். விளையாட்டுப் பக்கங்களிலும் பாடசாலை மேடைகளிலும் ஓயாமல் ஒலிக்கும் உபதேசம் இது. செய்தித்தாள் மேசையில் பல்லாண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இக்கதையின் வார்ப்பு எனக்கு நன்கு தெரியும். முதலில் இடர், அடுத்துச் சோர்வு, பின்னர் ஏதோ ஓர் உள்ளொளி, முடிவில் பதக்கம். இடையில் விழுந்தவர்களுக்கு அந்தக் கதையில் இடமில்லை. இந்த உபதேசம் பொய். அதனால் ஆதாயம் அடைவோரும் ஓடுகிறவர்கள் அல்லர். இதுவே என் கட்சி.

முதலில் ஓட்டத்தின் அளவைப் புரிந்துகொள்வோம். முழு மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர். அதைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ரா மரதன் எனப்படும். பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பி ஏ-35 வீதியில் முல்லைத்தீவுக்குச் சென்றால் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். ஆக, நம் சந்தியிலிருந்து கடற்கரை வரை ஓடுகிறவன் அல்ட்ரா மரதன் ஓடியவனாகிறான். தென்னாபிரிக்காவின் புகழ்பெற்ற கொம்ரேட்ஸ் ஓட்டம் 90 கிலோமீற்றரை ஒட்டியது. அது பரந்தனிலிருந்து வவுனியாவை அடைந்து, அதற்கு அப்பாலும் சிறிது ஓடுவதற்கு ஒப்பு.

இத்தகைய தூரத்துக்கு உடலை ஆயத்தம் செய்ய மாதங்கள் வேண்டும். அந்த மாதங்கள் வன்னியில் ஒருவனுக்கு எப்படி வாய்க்கின்றன? காலபோக விதைப்பு வந்தால் வயல் அழைக்கும். மார்கழி மழையில் பாதை மறையும். மாசி, பங்குனியில் அறுவடை. 2018 டிசம்பரில் வெள்ளம் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்தது. 2020 இல் கொரோனா வீட்டுக்குள் பூட்டியது. 2022 இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளே மூடப்பட்டன. இப்படிப் பயிற்சி குலைந்தவனிடம் சென்று "உன் மனம் பலவீனம்" என்று சொல்வது எவ்வகை நியாயம்?

உடலுக்கு உபதேசம் கேட்காது. பயிற்சியை நிறுத்திய சில நாட்களிலேயே குருதியின் நீர்மப் பகுதி குறையத் தொடங்கும்; இரண்டு மூன்று வாரங்களில் உயிர்வளியைப் பயன்படுத்தும் திறன் இறங்கும்; வெயிலுக்குப் பழகிய உடல் அந்தப் பழக்கத்தையும் இழக்கும். நுரையீரலும் இதயமும் ஓரளவு விரைவில் மீண்டாலும் தசைநாண்களும் எலும்பும் மெல்லவே மீளும். ஆகவே "மூச்சு நிற்கிறது, ஓடலாம்" என்று எண்ணுகிறவனின் கணுக்காலும் முழங்காலும் இன்னும் ஆயத்தமாகியிருக்க மாட்டா. நீர் குடித்தால் எல்லாம் சரியாகும் என்பதும் அரை உண்மை. 2002 ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனை ஓடி முடித்தவர்களுள் 488 பேரின் குருதியை ஆராய்ந்த மருத்துவர்கள், 13 சதவீதத்தினருக்கு சோடியம் இயல்பான அளவிலும் குறைந்திருந்ததைக் கண்டார்கள். அளவுக்கு மிஞ்சிக் குடித்ததே அதற்கு முதன்மைக் காரணம். மனவுறுதியால் குருதியில் உப்பை ஏற்ற இயலாது.

ஊக்கமின்மையையும் பாவமாக்கி வைத்திருக்கிறார்கள். வயலில் பகல் முழுதும் குனிந்து நிமிர்ந்தவனுக்கு மாலையில் ஓட மனம் வரவில்லையென்றால், அது உடல் அனுப்பிய செய்தி. செய்தியை வாசிக்காமல் அதைக் கொண்டுவந்தவனை அடிப்பது எந்த ஊர் அறிவு?

வேடிக்கை என்னவென்றால், மனவுறுதியின் உச்சம் என்று நாம் கொண்டாடும் அந்த ஓட்டங்களே இந்த உபதேசத்தை நம்புவதில்லை. கொம்ரேட்ஸ் ஓட்டம் 1921 இல், முதல் உலகப் போரில் மாண்ட தோழர்களின் நினைவாக, விக் கிளப்பம் என்ற முன்னாள் படைவீரரால் தொடங்கப்பட்டது. அன்று புறப்பட்டவர் 34 பேர். முடித்தவர் 16 பேர். இன்று அதில் கலந்துகொள்ள விரும்புகிறவர், முன்னரே ஒரு முழு மரதனைக் குறித்த நேரத்துக்குள் முடித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். வழியிலே பல இடங்களில் நேர வரம்பு உண்டு, பிந்தியவர் நிறுத்தப்படுவார். பன்னிரண்டு மணி நேரம் முடிந்ததும் துப்பாக்கி வெடிக்கும். கோட்டுக்கு ஓரடி முன்னே நின்றாலும் ஓட்டம் முடிந்தது. கொரோனாவால் 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளும் அந்த வீதி ஓட்டம் நடைபெறவில்லை. 2022 இல் மீண்டபோது வென்ற டெட்டே டிஜானா ஒரு பல்கலைக்கழகத்தில் காவற்பணி புரிந்தவர். அந்த ஏழைக் காவலாளியின் ஓர்மத்தை மட்டும் நாம் எழுதுவோம். அவருக்குப் பின்னால் ஓர் ஓட்டக் கழகம் இருந்ததையும், இரண்டாவதாக வந்த எட்வேர்ட் மொதிபி அவருடனேயே பயிற்சி செய்தவர் என்பதையும் எழுத மறப்போம்.

2021 மே 22 ஐ நினைவிற்கொள்க. சீனாவின் கன்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீற்றர் மலையோட்டத்தில் திடீரெனக் குளிர்காற்றும் ஆலங்கட்டி மழையும் தாக்க, 21 பேர் இறந்தார்கள். நாட்டின் முன்னணி ஓட்டவீரர் லியாங் ஜிங் அவர்களுள் ஒருவர். அவரிடம் மனவுறுதி இல்லையென்று எவராவது சொல்வாரா? அன்று ஆறு பேர் பிழைத்தது ஓர் ஆட்டிடையர் தம் குகைக்குள் அவர்களை இழுத்துச் சென்று தீ மூட்டிப் போர்வை கொடுத்ததால். நம் தீவிலும் 2024 மார்ச்சில், அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னர் பங்குனி வெயிலில் பிள்ளைகளை வீதியில் ஓடவிடும் வழக்கம் வன்னியிலும் உண்டு. எத்தனை வாரம் பயிற்சி கொடுத்தோம், எத்தனை மணிக்குத் தொடங்குகிறோம், நோயாளர் வண்டி எங்கே நிற்கிறது என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் கைதட்டுகிறோம்.

இனி, வன்னிக்கே உரிய வேதனைக்கு வருகிறேன். 2008 இன் பிற்பகுதியிலும் 2009 இன் தொடக்கத்திலும் கிளிநொச்சிப் பக்கத்து மக்கள் பரந்தனைக் கடந்து, இதே ஏ-35 வீதி வழியே, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று பெயர்ந்து பெயர்ந்து முள்ளிவாய்க்காலுக்குள் ஒடுங்கினார்கள். பிள்ளையைத் தோளிலும் மூட்டையைத் தலையிலும் சுமந்தவர்களிடம் ஊக்கம் இருந்ததா என்று யார் கேட்டார்? நின்றால் சாவு, ஆகவே நடந்தார்கள். அந்தத் தாங்குதலைப் பின்னர் "வன்னி மண்ணின் ஓர்மம்" என்று மேடைகளில் புகழ்ந்தார்கள். புகழ்ச்சி இனித்தது. ஆனால் அதன் மறுபக்கத்தில் ஒரு கணக்கு ஓடியது: இவர்கள் எதையும் தாங்குவார்கள், ஆகவே இவர்களுக்கு மைதானம் பிந்தினாலும் பாதகமில்லை, பயிற்றுநர் வராவிட்டாலும் பாதகமில்லை, வைத்தியர் பற்றாவிட்டாலும் பாதகமில்லை. தாங்கியவனைப் புகழ்ந்தே அவனுக்கு உரியதைக் கொடாமல் விடும் தந்திரம் இது.

ஓர்மக் கதைகள் இல்லாவிட்டால் இளையோர் சோர்ந்துபோவார்களே என்று நண்பர்கள் வாதிடக்கூடும். ஓர்மத்தை நான் இகழவில்லை. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனைவிட ஓர்மம் மிக்கவர் எவர்? 1971 இல் பாக்கு நீரிணையை நீந்திச் சென்று நீந்தியே திரும்பினார். 51 மணி நேரம். அதே ஆனந்தன் 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர்நீத்தார். அவர் உறுதியைப் போற்றுவோம். கடலும் உடலும் எந்த உறுதிக்கும் கட்டுப்பட்டவை அல்ல என்ற பாடத்தையும் கூடவே சொல்வோம். பாதியை மட்டும் சொல்லி இளையோரை வீதிக்கு அனுப்புவது ஊக்கமூட்டல் ஆகாது.

ஆதலின், பயிற்சி குலைந்து மனமும் குன்றிய நிலையில் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் இளைஞருக்கு நான் சொல்வது: குறுகிய தூரத்துக்கு மாறுங்கள், அல்லது நடந்தும் ஓடியும் செல்லுங்கள், நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ வந்தால் அங்கேயே நில்லுங்கள், வேண்டுமாயின் இவ்வாண்டை விட்டுவிடுங்கள். வீதி அடுத்த ஆண்டும் அங்கேதான் கிடக்கும். ஏற்பாட்டாளருக்கும் அதிகாரிகளுக்கும் சொல்வது வேறு: நிழலும் நீரும் உப்பும் மருத்துவரும் பயிற்சிக்கான மாதங்களும் தந்துவிட்டு, அதன்பிறகு ஓர்மத்தைப் பற்றிப் பேச மேடையேறுங்கள்.