எண்பது வயதில் இடுப்பு உடைந்தால்

பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது. எக்ஸ்ரே எடுப்பதற்குள் உறவுக்காரர்களின் தீர்ப்பு வந்துவிடும்: “இந்த வயசுல ஆபரேஷன் எல்லாம் வேண்டாம். கட்டுப் போட்டுப் படுக்க வைங்க, தானா கூடிடும்.” அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றுகூட உருப்படியாக நிற்காது.

‘வயசான உடம்பு ஆபரேஷனைத் தாங்காது’ என்கிறார்கள். படுக்கையை மட்டும் தாங்குமா? காலில் எடை கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் மல்லாக்கப் படுக்க வைத்தால் முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும். பெட்பேன் வைக்க ஒருக்களிக்கும் ஒவ்வொரு முறையும் உடைந்த முனைகள் உரசும். அந்த வலிக்குப் பயந்து பாட்டி தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். பின்னாலேயே சிறுநீர்த் தொற்று. ஆபரேஷன் முடிந்தவரையோ பெரும்பாலும் மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிடுகிறார்கள்.

‘மயக்க மருந்தே ஆளை முடித்துவிடும்’ என்ற பயமும் உண்டு. முழு மயக்கமா, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பதா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 1600 பேரிடம் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியானது. அறுபது நாளுக்குள் இறந்தவர்களும் நடக்க முடியாமல் போனவர்களும் சேர்ந்து இரண்டு பக்கமும் சுமார் 18 சதவீதம். எந்த மயக்கம் என்பதை மருத்துவரிடம் விட்டுவிடலாம்.

அடுத்தது, ‘பிபி, சுகர் எல்லாம் சரியாகட்டும், ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம்.’ இந்தியா உட்பட 17 நாடுகளில் 2970 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. எலும்பு முறிவு உறுதியாகி ஆறு மணி நேரத்தில் ஆபரேஷன் செய்தாலும் இருபத்து நான்கு மணி நேரத்தில் செய்தாலும் இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் செய்துகொண்டவர்களுக்குப் புத்தி தடுமாறிப் பிதற்றுவது குறைந்தது, எழுந்து நிற்பதும் முந்தியது. அங்கே தாமதம் என்பதே ஒரு நாள்தான். நம் வீடுகளில் ஒரு வாரம் என்பது சர்வசாதாரணம்.

இனி, கட்டு விஷயம். ‘பேரனுக்குக் கை உடைந்தபோது புத்தூர் கட்டில்தானே கூடியது?’ கூடியது உண்மைதான். சிறுவர்களின் மணிக்கட்டு பல நேரம் முழுசாக முறிவதில்லை, ஒரு பக்கம் நசுங்கிப் புடைக்கும், அவ்வளவுதான். பிரிட்டனில் 965 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், இந்த வகை முறிவுக்கு விறைப்பான கட்டே தேவையில்லை, சாதாரண பேண்டேஜே போதும் என்று 2022இல் தெரிந்தது. எப்படியும் கூடுகிற எலும்புகள்தான் கட்டுக்காரருக்குப் பேர் வாங்கித் தந்திருக்கின்றன. பாட்டியின் இடுப்பு வேறு கதை. பந்துபோல் இருக்கும் தொடையெலும்பின் தலைக்கு ரத்தம் போவது பெரும்பாலும் அதன் கழுத்தை ஒட்டி ஏறும் மெல்லிய குழாய்கள் வழியாக. கழுத்து முறிந்து விலகினால் அவையும் அறுந்துபோகும். தலை ரத்தமில்லாமல் செத்துப்போகலாம். அந்த ஆழத்தில் கிடக்கும் எலும்பைப் பச்சிலையும் மூங்கில் பத்தையும் எங்கே பிடித்து நிறுத்துவது?

‘டாக்டர்கள் எதற்கெடுத்தாலும் கத்தி எடுப்பார்கள்’ என்ற முணுமுணுப்பை நான் தள்ளிவிட மாட்டேன், சில இடங்களில் அது நியாயம். ஆனால் அந்தக் கத்திக்குக் கடிவாளம் போட்டதும் இதே மருத்துவ ஆய்வுதான். தோள்பட்டை அருகே மேற்கை எலும்பு விலகி முறிந்த 250 பேரை பிரிட்டனில் இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் கழுத்தில் தூளி கட்டிக் கையைத் தொங்கவிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை என்று 2015இல் எழுதினார்கள்.

இடுப்பிலும் விலக்கு உண்டு. நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், முதியோர் இல்லங்களில் இருந்த, ஏற்கெனவே உடல் மிகவும் தளர்ந்துபோனவர்களும் குடும்பத்தாரும் மருத்துவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். ஆபரேஷன் வேண்டாம் என்றவர்களில் 83 சதவீதம் பேர் முப்பது நாளுக்குள் இறந்தார்கள், செய்துகொண்டவர்களில் 25 சதவீதம். ஆனாலும் வலி நிவாரணம் நன்றாகக் கிடைத்ததால் வேண்டாம் என்றவர்களின் கடைசி நாட்கள் மோசமாக இல்லை. அவர்கள் கூடிவிடும் என்று நம்பிப் படுக்கவில்லை. சாவு நெருங்குவது தெரிந்தே வேண்டாம் என்றார்கள். விழும் நாள்வரை தானே கோயிலுக்கு நடந்துபோன பாட்டியை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

‘சரிசெய்தாலும் மறுபடி விழுந்து உடைத்துக்கொள்வார்’ என்பது கடைசி வாதம். அதற்கும் மருந்து இருக்கிறது. இடுப்பு ஆபரேஷன் முடிந்த 2127 பேரில் பாதிப் பேருக்கு வருடத்துக்கு ஒருமுறை ஸோலெட்ரானிக் அமிலத்தை டிரிப்பாக ஏற்றினார்கள். புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன என்று 2007இல் வெளியானது. டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த மருந்து இல்லாவிட்டால், பாட்டிக்கு இது பொருந்துமா என்று வீட்டார் மருத்துவரிடம் கேட்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் யோசித்துத்தான் கொடுப்பார்கள்.